வடக்கே வெற்று வானம்

நாலு மணிக்கு ஊற்ற ஆரம்பித்தால் ஆறரைக்கெல்லாம் கேமரா குளிர்ந்துவிடும் என்று ராயப்பன் சொல்லியிருந்தார். சொன்னபடி நாலுக்கு ஆரம்பித்தும் விட்டார். இனி இரண்டரை மணி நேரம் மங்கையர்க்கரசிக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது, நாற்பத்தேழு வயது வரை அவளுக்குக் கைவராத வேலை அது ஒன்றுதான். தொலைநோக்கி நிற்கிற டோமின் சுவரோரம் கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, இரவுப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமல், அவர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தால் என்ன, காகிதம்தானே, கடித்தா விடும்? ஆனாலும் கை போகவில்லை. தொலைநோக்கியின் அடியில் தொங்கிய கேமராவின் வாயில் புனலை வைத்து, திரவ நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ராயப்பன் சாய்த்தார். வெள்ளைப் புகை அவர் முழங்கையைச் சுற்றி இறங்கி, தரையில் வழிந்து, அவள் செருப்பு வரை வந்து, இல்லாமல் போனது. உள்ளே அது கொதிக்கிற சத்தம். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில் இருக்கிற ஒன்று கொதிக்கிறது என்று சொன்னால் வெளியார் யார் நம்புவார்கள், அவளுக்கே ஆரம்பத்தில் அது ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் பட்டது. ராயப்பன் தலையை ஒருபக்கம் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். இருபத்தாறு வருஷமாக இந்த மலையில் தொலைநோக்கியை இயக்குகிறவர். அளவு காட்ட மீட்டர் இருக்கிறது, அதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, காதுதான். சத்தம் சொரசொரவென்று இருக்கிறவரை ஊற்றுவார், இழையத் தொடங்கினால் நிறுத்திவிடுவார், ஒருநாளும் வழியவிட்டதில்லை. அவள் எத்தனையோ ஊரில், சிலி நாட்டில்கூட, எத்தனையோ பேர் ஊற்றிப் பார்த்திருக்கிறாள், இந்த நிதானம் ஒருவருக்கும் கிடையாது. அதை அவரிடம் ஒருதரமாவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தாள். சொன்னதில்லை. வேறு என்னவோ சொல்லியிருந்தாள்.

டீ வேண்டும் போல இருந்தது. ஆனால் டோமுக்குள் டீ கிடையாது, அது ராயப்பனின் சட்டம். ஒருதரம் இயக்குநரே கையில் டம்ளரோடு உள்ளே வந்துவிட்டார். "சார், உங்க டீ நட்சத்திரத்தைவிடப் பளிச்சுனு தெரியும், வெளியே வெச்சிட்டு வந்துடுங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார் இவர். இயக்குநர் சிரித்தார், ஆனாலும் வைத்துவிட்டுத்தான் வந்தார். பேச்சு வேடிக்கையாக இருந்தாலும் விஷயம் உண்மை. அகச்சிவப்பில் பார்த்தால் சூடுள்ளதெல்லாம் விளக்கு. அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல் பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் கிடக்கும், தொட்டவளுக்குத்தான் தெரியும். அந்தச் சூட்டைத் தொடாமல், கோடி கோடி மைல் தள்ளி நின்று பார்ப்பது அவள் பிழைப்பு. இந்த டோம் ஒளிர்கிறது, தொலைநோக்கியின் கண்ணாடி ஒளிர்கிறது, ராயப்பனின் வழுக்கை ஒளிர்கிறது, அவள் கன்னம், அவள் விடுகிற மூச்சு, எல்லாம். முதன்முதலில் இதை ஒரு திரையில் பார்த்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆய்வகத்தில் யாரோ சுவரில் கையை வைத்து எடுத்தார்கள், கை போன பிறகும் சுவரில் ஐந்து விரல்கள் மின்னிக்கொண்டிருந்தன, மெல்ல மெல்ல அணைந்தன, அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கை யாருடையது என்பது மறந்துவிட்டது, விரல்கள் மறக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், வாழ்ந்தால் இதைப் பார்த்துக்கொண்டு வாழவேண்டும் என்று. வானத்தில் கன்னங்கரேலென்று தூசிமேகம் இருக்கும், சாதாரணக் கண்ணுக்கு அது ஓட்டை மாதிரி, ஒன்றுமில்லாத இடம் மாதிரி. அகச்சிவப்பில் பார், உள்ளே நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும். அவற்றின் வெளிச்சத்தைத் தூசி விழுங்கிவிடும், ஆனால் விழுங்கின தூசி சூடாகும், அந்தச் சூடு இங்கே வந்து சேரும். எதையும் முழுதாக ஒளித்துவைக்க முடியாது என்பதில் அவளுக்கு இருபத்தைந்து வருஷமாக ஒரு தனி சந்தோஷம். இன்றைக்கு அந்தச் சந்தோஷம் அவளுக்கு எதிராகவே திரும்பியிருந்தது.

ஆனால் எல்லாமே எரிகிறது என்றால் நட்சத்திரத்தை எப்படிப் பார்ப்பது? பட்டப்பகலில் மின்மினியைத் தேடுகிற கதைதான். வானமே நட்சத்திரத்தைவிட ஆயிரம் பங்கு பளபளக்கும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், எளிமையான வழி, அதை யோசித்தவரை மனசார மெச்சவேண்டும். முதலில் நட்சத்திரத்தைப் படம் பிடி. பிறகு தொலைநோக்கியைத் துளி நகர்த்தி, பக்கத்தில் ஒன்றுமே இல்லாத வெற்று வானத்தைப் படம் பிடி. முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழி. வானத்தின் பளபளப்பு போகும், டோமின் சூடு போகும், ராயப்பன் வழுக்கையும் போகும், நட்சத்திரம் மட்டும் நிற்கும். அவளுடைய நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். திருவாதிரைக்குச் சற்றுக் கிழக்கே, வெறுங்கண்ணுக்குத் தெரியாதது. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல்முறை பார்த்தபோதே அதற்கு வெற்று வானமாக வடக்கே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். வரைபடத்தில் அங்கே ஒரு புள்ளிகூடக் கிடையாது, சுத்தம். அதன் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள், ஒவ்வொரு முறையும் அதே இடம். வழக்கத்தை நடுவில் மாற்றக்கூடாது, மாற்றினால் ஒப்பிட முடியாது, இதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். நட்சத்திரம் மங்கிக்கொண்டே வந்தது. முதல் வருஷம் நூறு என்று வைத்துக்கொண்டால், அப்புறம் தொண்ணூற்று மூன்று, எண்பத்தைந்து, போன ஆவணியில் அறுபத்திரண்டு. இந்த மாதிரி நட்சத்திரம் இவ்வளவு வேகமாக மங்குவதை யாரும் பார்த்ததில்லை. கட்டுரை வந்தது, எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன, அடுத்த மாதம் கொச்சியில் நானூறு பேர் முன்னால் அவள் அதைப் பற்றிப் பேசவேண்டும். அழைப்பிதழில் 'மங்கும் விண்மீன்' என்று போட்டு அவள் படத்தையும் போட்டிருந்தார்கள், கொஞ்சம் பழைய படம், முடி கருப்பாக இருந்தது.

அந்தப் பேச்சுக்காகப் படங்களைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோதுதான். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே. நட்சத்திரத்தின் தோளோரத்தில் ஒரு கரும்பொட்டு எப்போதும் இருக்கும். பிரகாசமான ஒன்றைப் பார்த்தால் கேமராவின் மின்சுற்று இப்படி ஒரு நிழலைப் போடும், தெரிந்த கோளாறு, அதை அவள் பொருட்படுத்தியதே இல்லை. ஐந்தாம் வருஷப் படத்தையும் இரண்டாம் வருஷப் படத்தையும் இரண்டிலும் வடக்கு மேலே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பொட்டு இரண்டிலும் ஒரே தோளில் இருந்தது. இருக்கட்டுமே என்று கொத்தமல்லியைக் கிள்ளினாள். கிள்ளின கை நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கேமராவைக் கழற்றிப் பழுது பார்த்தார்கள், திரும்ப மாட்டும்போது கேபிள் எட்டவில்லை என்று கால் வட்டம் திருப்பி மாட்டினார்கள். கேமரா திரும்பினால் அதன் கோளாறும் கூடத் திரும்பவேண்டாமா? அந்தக் கேள்வி அவளுடையது இல்லை, அவளுக்கு அது உடனே தெரிந்தது. யாரோ இதை ஏற்கெனவே அவளிடம் கேட்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, தூக்கக் கலக்கம், கையில் பை, கீழே ஜீப் ஹாரன் அடிக்கிறது, ராயப்பன் படியில் நின்றுகொண்டு, "மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? மூக்குக் கண்ணாடியில அழுக்கு இருந்தா, தலையைச் சாய்ச்சா அதுவும் சாயணும்ல? தெருவுல நிக்கிற மரம்தான சாயாம நிக்கும்? அந்தக் கறுப்பு சாயவே இல்லீங்க." அவள் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள், அதுதான் இன்னும் கேவலம், "ராயப்பன், நீங்க டோம் கதவைப் பாருங்க, படத்தை நான் பார்த்துக்கறேன்." "சரிங்க மேடம்" என்று பையை வாங்கி ஜீப்பில் வைத்தார். பை கனம். அன்றைக்குப் புத்தகங்கள் வேறு இருந்தன.

அப்படியானால் அது கேமராவின் நிழல் இல்லை, வானத்தில் நிற்கிற மரம். வடக்கே, வெற்று என்று அவள் நம்பிய இடத்தில், ஏதோ இருக்கிறது. கழிக்கிறபோது அது கரும்பொட்டாக விழுந்து அவள் நட்சத்திரத்தை ஓரத்திலிருந்து தின்கிறது. அது வளர வளர இது மங்கும். அவளுடைய நட்சத்திரம் மங்கவே இல்லை. இல்லை, மங்கியிருக்கலாம், ஏன் மங்கக்கூடாது, இரண்டும் நடக்கலாம், பொட்டு வேறு காரணத்தால், பழுது பார்த்தவர்கள் ஏதாவது சுற்றை மாற்றியிருந்தால்? மூன்று நாளாக இப்படித்தான், ஒரு வாசலை அடைத்தால் மனசு இன்னொரு வாசலில் போய் நிற்கிறது. போதாததற்கு அந்த வெப்பமானி வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. ஒவ்வொரு அறிவியல் தினத்துக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவள் சொல்கிற கதை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வெயிலைப் பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில் ஒன்றை வைத்தார். அதுதான் எல்லாவற்றையும்விட ஏறியது. "ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கிற இடத்தில்தான் பிள்ளைகளே" என்று நிறுத்துவாள், பிள்ளைகள் "ஓ" என்பார்கள். பதினெட்டு வருஷமாகச் சொல்கிறாள், குரலை ஏற்றி இறக்கி, நன்றாகவே சொல்கிறாள். சொன்னவள் காதில் விழவில்லை.

ராயப்பன் மூங்கில் குச்சியைக் கேமராவுக்குள் விட்டு எடுத்து, காற்றில் இரண்டு தரம் வீசினார். குச்சியில் பனி வெள்ளையாகப் படிந்தது. படிந்த உயரம்தான் உள்ளே திரவம் நிற்கிற உயரம், நாலு விரல் குறைவு. "இன்னும் ஒரு தடவை ஊத்தினா போதுங்க மேடம்," என்றார். பிறகு, குச்சியைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு வேலைத் தாள்ல, கழிக்கிறது தெக்கேன்னு எழுதியிருக்கீங்க," என்றார்.

"ஆமா. தெக்கே."

"சரிங்க."

அவ்வளவுதான். ஆறு வருஷமாக வடக்கு, இன்றைக்குத் திடீரென்று தெற்கு, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கக்கூடாதா இந்த மனுஷன்? கேட்டால் சொல்லிவிடலாம், கேட்காததால் அவளாகத்தான் சொல்லவேண்டும், சொல்ல வாய் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டதா, இல்லை, அன்றைக்கு அவள் சொன்னதை ஏற்று உண்மையிலேயே டோம் கதவை மட்டும் பார்க்கிறாரா? மடியில் பதிவேடு கனத்தது. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பக்கம். இயக்குகிறவர் குறிப்பு எழுதுவார், விடியற்காலையில், வானத்தைப் பார்த்தவர் கீழே கையெழுத்துப் போடவேண்டும், இந்த ஊர் வழக்கம். ராயப்பன் இரண்டு சொட்டுத் தூறல் விழுந்தாலும் எழுதுகிறவர், கதவுச் சக்கரம் கிறீச்சிட்டால் எழுதுகிறவர். கரும்பொட்டைப் பற்றி எழுதியிருப்பாரா? எழுதாமல் விட்டிருந்தால், இது அவளுக்கும் அவருக்கும் நடுவே, ஜீப் ஹாரன் சத்தத்தில் நடந்த ஒரு பேச்சு. அவர் வெளியே சொல்கிற ஆளும் இல்லை. அப்படியானால் கொச்சியில் எழுந்து நின்று, என் முடிவை நானே மறுக்கிறேன், என் தவற்றை நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லலாம், கைதட்டுகூடக் கிடைக்கும். இந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக, எவ்வளவு நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்து நின்றது என்று பார்த்து அவளுக்கே கூசியது. பதிவேட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ஆறரை மணிக்கு டோம் திறந்தது. கூரை இரண்டாகப் பிரிகிறபோது வருகிற அந்த ஆழமான உறுமல், கூடவே உள்ளே விழுகிற மாலை வெளிச்சம், கீழே வயலில் சாமைத் தாள் எரிக்கிற வாசனை, குளிர். மாசி மாதத்து வானம், ஒரு மேகம் இல்லை, மேற்கே இன்னும் மஞ்சள். அகச்சிவப்புக்காரர்களுக்கு முழு இருட்டு தேவையில்லை, மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்திலேயே ஆரம்பித்துவிடலாம், அதில் அவளுக்கு எப்போதும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கீழே கட்டுப்பாட்டு அறையில் திரை முன்னால் உட்கார்ந்தாள். ராயப்பன் பக்கத்தில். அவர் இரண்டு பொத்தானை அழுத்த, தலைக்கு மேலே அத்தனை டன் இரும்பும் சத்தமில்லாமல் கிழக்கே திரும்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைக் குறிவைத்து நின்றது. நட்சத்திரம், ஒரு படம். தெற்கே வெற்று வானம், ஒரு படம். கழி. அந்த மூன்று விநாடிக்குள் அவள் ஆறு வருஷத்தையும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், கட்டுரையின் முதல் வரி, அச்சில் தன் பெயரைப் பார்த்த காலை, கணவன் வாங்கி வந்த பால்கோவா. திரையில் நட்சத்திரம் வந்தது. உருண்டையாக, முழுதாக, தோளில் பொட்டு எதுவும் இல்லாமல். பிரகாசத்தைக் கணக்குப் போட்டாள். தொண்ணூற்றொன்பது. இன்னொரு தரம். நூறு. மங்கவில்லை. ஒருநாளும் மங்கியதில்லை. அது பாட்டுக்கு அங்கே எரிந்துகொண்டிருந்திருக்கிறது, இவள்தான் அதன் தலையில் சாவை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை, பெரிய மூச்சு ஒன்று வந்தது.

"வடக்கே போகலாமா ராயப்பன்?" அவள் குரல் சன்னமாக இருந்தது. அவர் மறுபேச்சு இல்லாமல் நகர்த்தினார். அந்த வெற்று இடத்தையே நடுவில் நிறுத்திப் படம் பிடித்து, வேறோர் இடத்தைக் கழித்தார்கள். அங்கே அது இருந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாதது, எந்தக் கண்ணுக்கும் படாதது, சுற்றிலும் தூசியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே புதிதாக மூண்டுகொண்டு, நடுவில் கொதிக்கிற வெள்ளை, விளிம்பில் மெல்லிய ஒரு புகைச்சல். பிறந்துகொண்டிருக்கிற நட்சத்திரம். அப்பா! எவ்வளவு அழகு. ஆறு வருஷமாக ஒவ்வொரு முறையும் இதைத்தான் பார்த்திருக்கிறாள், பார்த்துப் பார்த்துக் கழித்திருக்கிறாள். வளர்ந்து, வளர்ந்து, பக்கத்து நட்சத்திரத்தைக் கடித்துக் காட்டிக்கூட இருக்கிறது, இங்கே நான் இருக்கிறேன் என்று இதைவிட ஒன்று எப்படித்தான் சொல்லும்? கொச்சி, அழைப்பிதழ், நானூறு பேர், எல்லாம் எங்கோ போயின. ஒரு நிமிஷம் அவள் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள், சுவரில் ஐந்து விரல்களைப் பார்த்த அந்தப் பெண்ணாக. பக்கத்தில் ராயப்பனும் பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை, நல்ல மழையைப் பார்க்கிறவர் முகம்.

"அன்னிக்குப் படியில நின்னு என்ன சொன்னீங்க?" என்றாள்.

"எப்பங்க மேடம்?"

"கண்ணாடியில அழுக்குன்னு."

"ஞாபகமில்லீங்களே. ரெண்டு வருஷத்துப் பேச்சு, யாருக்கு ஞாபகம் இருக்கும்," என்றார், இரண்டு வருஷம் என்று மட்டும் சரியாகச் சொல்லி. அவளைக் காப்பாற்றுகிறார். அது பொறுக்க முடியாததாக இருந்தது. மேலே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து, அவர் பார்க்கவே திறந்தாள். அந்தத் தேதி. ஒட்டாத, சீரான எழுத்து. 'கரும்பொட்டு கேமராவுடன் திரும்பவில்லை. வானத்தில் உள்ளதாகத் தோன்றுகிறது. மேடத்திடம் தெரிவிக்கப்பட்டது.' கீழே அவள் கையெழுத்து, நீளமாக, ஒரு சுழியோடு. ஆறு மாதம் கழித்து: 'கரும்பொட்டு அதே இடம். முன்பே தெரிவிக்கப்பட்டது.' கையெழுத்து, சுழி. அடுத்தது: 'அதே இடம். பெரிதாகியுள்ளது.' கையெழுத்து. போன ஆவணி: 'அதே இடம்.' அதற்கும் ஒரு சுழி. நாலு முறை எழுதியிருக்கிறார், நாலு முறையும் அவள் கை அந்த வரிக்கு ஒரு விரல் கீழே ஊர்ந்திருக்கிறது. குரலை உயர்த்தாமல், கோபம் காட்டாமல், வேலையில் ஒரு குறை வைக்காமல், காது கேட்கிறவரை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இப்படி ஒரு மனுஷன் பக்கத்து நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தார் என்று நினைக்க அவளுக்கு வெட்கத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது, அது தனக்குச் சேராத பெருமை என்றும் தெரிந்தது.

இன்றைய பக்கத்தைத் திருப்பினாள். தேதியும் காற்றின் ஈரப்பதமும் எழுதியிருந்தார், குறிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். அவள் பேனாவை எடுத்து அதில் எழுதினாள்: 'வடக்கே ஒரு விண்மீன் இருக்கிறது. கண்டவர் ராயப்பன். மேடத்திடம் நாலு முறை தெரிவிக்கப்பட்டது. அவர் கேட்கவில்லை.' பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, கீழே 'பார்த்தவர்' என்று அச்சடித்திருந்த இடத்தைக் காட்டினாள். அங்கே ஆறு வருஷமாக அவள் பெயர்தான்.

"மேடம், அது நீங்க போடற இடம்," என்றார்.

"நீங்கதான் போடணும். படிச்சுட்டுப் போடுங்க," என்றாள். "நான்தான் படிக்காமலே போட்டுட்டேன்."

ராயப்பன் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியால் ஒருதரம் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.